மரபு நடைவழிச் செயலி

மரபு நடைவழிச் செயலி என்பது ஓர் ஊரின் வரலாற்றுச் சிறப்புடைய கட்டிடங்கள், தெருக்கள், நினைவுச் சின்னங்கள் ஆகியவற்றை இணைக்கும் நடைவழியைத் திறன்பேசியில் காட்டும் மென்பொருள் ஆகும். நடப்பவர் ஒவ்வோர் இடத்தை அடையும்போதும் அதைப் பற்றிய செய்தியை எழுத்தாகவோ ஒலியாகவோ படமாகவோ இது வழங்கும். அருங்காட்சியகங்கள், நகராட்சிகள், சுற்றுலாத் துறைகள், தனியார் நிறுவனங்கள், தன்னார்வலர் குழுக்கள் எனப் பல தரப்பினரும் இத்தகைய செயலிகளை உருவாக்கியுள்ளனர்.

இச்செயலிகளில் இரண்டு பகுதிகள் உள்ளன. ஒன்று திறன்பேசியில் இயங்கும் மென்பொருள். மற்றொன்று அது காட்டும் தரவு, அதாவது இடங்களின் ஆள்கூறுகள், பெயர்கள், வரலாறு, படங்கள் ஆகியன. மென்பொருளின் ஆயுள் பெரும்பாலும் சில ஆண்டுகளே. தரவு எங்கு, எந்த உரிமத்தில், எந்த மொழியில் சேமிக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே நடைவழியின் ஆயுள் அமைகிறது.

வரலாறு

திறன்பேசிக்கு முந்தைய வழிகாட்டிகள்

வரலாற்று இடங்களைத் தெருவில் நடப்பவருக்கு அடையாளம் காட்டும் வழக்கம் பழமையானது. இலண்டனில் புகழ்பெற்றோர் வாழ்ந்த வீடுகளில் நினைவுப் பலகை பதிக்கும் திட்டம் 1866-ஆம் ஆண்டில் கலைச் சங்கத்தால் தொடங்கப்பட்டது. இதன் முதல் பலகை கவிஞர் பைரன் பிறந்த ஓலிஸ் தெரு வீட்டில் 1867-இல் பதிக்கப்பட்டது. அவ்வீடு 1889-இல் இடிக்கப்பட்டபோது பலகையும் மறைந்தது. நீலப் பலகைகள் என அறியப்படும் இத்திட்டத்தை 1986 முதல் இங்கிலீஷ் எரிட்டேஜ் அமைப்பு நடத்தி வருகிறது.

தனித்தனி இடங்களை ஒரே நடைவழியாக இணைத்தமைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள விடுதலைப் பாதை ஆகும். உள்ளூர்ச் செய்தியாளரான வில்லியம் ஸ்கோஃபீல்டு 1951-இல் இதனை முன்மொழிந்தார். பாஸ்டன் பொதுப் பூங்காவில் தொடங்கிச் சார்ல்ஸ்டவுன் பகுதியில் உள்ள பங்கர் குன்று நினைவுத் தூண் வரை செல்லும் இப்பாதை சுமார் 4 கி.மீ. நீளமானது. இது 16 வரலாற்று இடங்களை இணைக்கிறது. நடைபாதையில் செங்கல்லாலும் வண்ணப் பூச்சாலும் அமைந்த சிவப்புக் கோடு வழி காட்டுகிறது. கையில் எந்தக் கருவியும் இல்லாதவரும் இக்கோட்டைப் பின்பற்றி நடக்கலாம்.

செயற்கைக்கோள் வழிகாட்டலும் திறன்பேசியும்

அமெரிக்காவின் ஜிபிஎஸ் புவியிடங்காட்டி முறைமையில் பொதுப் பயன்பாட்டுக்கான குறிகையில் வேண்டுமென்றே பிழை சேர்க்கப்பட்டு வந்தது. இதனால் இருப்பிடம் 100 மீட்டர் வரை விலகித் தெரியக்கூடும். ஒரு தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் வேறுபாடு காட்ட இது போதாது. 2000-ஆம் ஆண்டு மே மாதம் இப்பிழை நீக்கப்பட்ட பின்னரே நடப்பவருக்குப் பயன்படும் அளவு துல்லியம் பொதுமக்களுக்குக் கிடைத்தது.

2008-இல் ஆப்பிள் நிறுவனத்தின் செயலிக் கடை திறக்கப்பட்டது. அதே ஆண்டில் புவியிடங்காட்டி கொண்ட ஐபோன் 3ஜி-யும் முதல் ஆண்ட்ராய்டு திறன்பேசியும் விற்பனைக்கு வந்தன. இலண்டன் அருங்காட்சியகம் 2010-இல் 'ஸ்ட்ரீட் மியூசியம்' என்னும் செயலியை வெளியிட்டது. ஒளிப்படக் கருவியின் வழியே தெரியும் இன்றைய தெருவின் மீது அதே இடத்தின் பழைய ஒளிப்படத்தை இது பொருத்திக் காட்டியது. கூகுள் நிறுவனத்துக்குள் இயங்கிய நயான்டிக் குழு 2012-இல் வெளியிட்ட 'ஃபீல்டு டிரிப்' செயலி, நடப்பவர் தேடாமலேயே அருகில் உள்ள சிறப்பிடங்களைப் பற்றிய குறிப்புகளைத் தானாகக் காட்டியது.

செயற்படும் விதம்

ஒரு நடைவழி கணினித் தரவாகப் பின்வரும் உறுப்புகளைக் கொண்டிருக்கும்.

- புள்ளிகள்: ஒவ்வோர் இடத்தின் அகலாங்கு, நெட்டாங்கு ஆகியன.
- கோடு: புள்ளிகளை இணைக்கும் நடைபாதை. இது ஆள்கூறுகளின் தொடராகச் சேமிக்கப்படும்.
- எல்லை வட்டம்: ஒவ்வொரு புள்ளியையும் சுற்றிக் கற்பனையாக வரையப்படும் வட்டம். நடப்பவர் இதற்குள் நுழையும்போது செய்தி தோன்றும்.
- உள்ளடக்கம்: எழுத்து, ஒலி, படம் ஆகியன.

எல்லை வட்டத்தின் அளவு

திறந்த வானத்தின் கீழ் திறன்பேசியின் புவியிடங்காட்டி பொதுவாக 5 மீட்டர் அளவில் துல்லியமானது. உயர்ந்த கட்டிடங்களுக்கு இடையேயும் குறுகிய சந்துகளிலும் செயற்கைக்கோள் குறிகைகள் சுவர்களில் பட்டுத் திரும்பி வருவதால் பிழை பல மடங்கு கூடும். பழைய நகர்ப் பகுதிகள் பெரும்பாலும் குறுகிய தெருக்களைக் கொண்டவை. எனவே வரலாற்று இடங்கள் மிகுந்த பகுதிகளிலேயே கருவி தடுமாறும் நிலை ஏற்படுகிறது.

இதனால் எல்லை வட்டத்தை மிகச் சிறியதாக அமைத்தால் நடப்பவர் கட்டிடத்தின் வாயிலில் நின்றும் செய்தி தோன்றாமல் போகலாம். மிகப் பெரியதாக அமைத்தால் அடுத்த தெருவில் செல்பவருக்கும் தோன்றும். நொடிக்கு 1.3 மீட்டர் வேகத்தில் நடப்பவர் 20 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் விளிம்பிலிருந்து மையத்தை அடைய ஏறத்தாழ 15 நொடிகள் ஆகும். ஒலிவழிச் செயலியில் 'வலப்புறம் பாருங்கள்' என்ற தொடர் இந்த 15 நொடிகளுக்குள் ஒலிக்க வேண்டும். இல்லையெனில் நடப்பவர் வேறொரு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

வரிசை

16 இடங்களைப் பார்க்கும் வரிசைகளின் எண்ணிக்கை சுமார் 20.9 இலட்சம் கோடி ஆகும். அவற்றுள் மிகக் குறுகிய வழியை அல்லது அதற்கு நெருங்கிய வழியைக் கண்டறியும் கணிமுறைகள் உள்ளன. எனினும் மிகக் குறுகிய வழியே சிறந்த மரபு நடைவழி எனக் கூற இயலாது. ஒரு கிளர்ச்சி தொடங்கிய இடத்தை முதலிலும் அதன் தலைவர்கள் விசாரிக்கப்பட்ட நீதிமன்றத்தை இறுதியிலும் காண்பதே வரலாற்றைப் புரிந்துகொள்ள உதவும். நிழல், சாலையைக் கடக்கும் வசதி, படிக்கட்டுகள், ஓய்விடம் ஆகியவற்றையும் கருத வேண்டியிருப்பதால் நல்ல நடைவழிகள் பெரும்பாலும் ஊரை அறிந்த மனிதர்களாலேயே வகுக்கப்படுகின்றன.

தரவு மூலங்கள்

ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் 2004-இல் பிரித்தானியாவில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவரால் தொடங்கப்பட்ட கட்டற்ற உலக நிலப்படத் திட்டமாகும். இதில் வரலாற்று இடங்களுக்கெனத் தனிக் குறிச்சொல் உண்டு. நடைவழிகளை ஒரு முழு வழியாகப் பதியவும் முடியும். ஆஸ்ம்அண்ட், ஆர்கானிக் மேப்ஸ் போன்ற செயலிகள் இத்தரவைத் திறன்பேசியில் முன்கூட்டியே பதிவிறக்கி, இணைய இணைப்பு இல்லாமலும் வழி காட்டுகின்றன.

விக்கித்தரவு 2012-இல் தொடங்கப்பட்டது. ஓர் இடத்தின் ஆள்கூறு, கட்டப்பட்ட ஆண்டு, பல மொழிப் பெயர்கள் ஆகியவற்றைக் கணினி படிக்கும் வடிவில் இது சேமிக்கிறது. ஆள்கூறு தரப்பட்டுள்ள விக்கிப்பீடியா கட்டுரைகளை அருகில் இருப்பவருக்குக் காட்டும் வசதி விக்கிப்பீடியாவின் திறன்பேசிச் செயலியில் உள்ளது.

நினைவுச் சின்னங்களின் ஒளிப்படங்களைக் கட்டற்ற உரிமத்தில் திரட்டும் 'விக்கி லவ்ஸ் மான்யுமென்ட்ஸ்' போட்டி 2010-இல் நெதர்லாந்தில் தொடங்கியது. 2011-இல் ஐரோப்பிய நாடுகளுக்குப் பரவியது. 2012-இல் இந்தியாவும் இதில் பங்கேற்றது.

எடுத்துக்காட்டு: மொன்மத்

வேல்ஸ் நாட்டின் தென்கிழக்கில் வை, மொன்னோ ஆகிய ஆறுகள் கூடும் இடத்தில் மொன்மத் என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. இவ்வூர் முழுவதையும் திறன்பேசியால் படிக்கத்தக்கதாக ஆக்கும் நோக்குடன் 'மொன்மத்பீடியா' என்னும் திட்டம் 2012 மே 19 அன்று முறையாகத் தொடங்கப்பட்டது. தன்னார்வ விக்கிப்பீடியர்களும் மொன்மத்சயர் மாவட்ட மன்றமும் இணைந்து இதனை நடத்தினர். இதற்கெனத் தனிச் செயலி எதுவும் எழுதப்படவில்லை. கியூஆர் குறியீட்டைப் படிக்கும் வசதியும் உலாவியும் உள்ள எந்தத் திறன்பேசியும் போதுமானதாக இருந்தது.

ஊரில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட கியூஆர் குறியீடுகள் வைக்கப்பட்டன. வெளிச் சுவர்களில் மழையையும் வெயிலையும் தாங்கும் பலகைகளும் கடைகளின் சாளரங்களில் ஒட்டுத்தாள்களும் பயன்பட்டன. பார்வையாளர்கள் செலவின்றிப் படிப்பதற்காக ஊர் முழுவதும் இலவச கம்பியில்லா இணைய வசதி செய்யப்பட்டது.

கியூஆர்பீடியா

மொன்மத்தில் பயன்பட்ட குறியீடுகள் கியூஆர்பீடியா என்னும் முறையில் அமைந்தவை. ரோஜர் பாம்கின், டெரன்சு ஈடன் ஆகியோர் உருவாக்கிய இம்முறை, 2011 ஏப்ரலில் இங்கிலாந்தின் டார்பி அருங்காட்சியகத்தில் முதலில் பயன்படுத்தப்பட்டது.

ஓர் உலாவி இணையப் பக்கத்தைக் கோரும்போது பயனர் விரும்பும் மொழியையும் வழங்கிக்கு அறிவிக்கிறது. கியூஆர்பீடியா வழங்கி இதனைப் படித்து, அம்மொழி விக்கிப்பீடியாவில் உள்ள கட்டுரைக்குப் பயனரை அனுப்புகிறது. ஆகவே ஒரே பலகையின் முன் நிற்கும் இருவருள் ஒருவருக்கு வேல்சு மொழியிலும் மற்றவருக்குப் பிரெஞ்சு மொழியிலும் கட்டுரை திறக்கும். தமிழைத் தெரிவு செய்த திறன்பேசிக்கும் இதே முறை பொருந்தும். ஆனால் தமிழ்க் கட்டுரை எழுதப்பட்டிருந்தால் மட்டுமே அது திறக்கும். பலகை ஒன்றுதான் என்றாலும் அது எத்தனை மொழிகளில் பேசும் என்பதைக் கட்டுரை எழுதுவோரே முடிவு செய்கின்றனர். மொன்மத் பற்றிய கட்டுரைகள் பல நாட்டுத் தன்னார்வலர்களால் பல்வேறு மொழிகளில் எழுதப்பட்டன.

நடைவழியில் உள்ள இடங்கள்

மொன்மத்தின் முதன்மை இடங்களை ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான நடையில் காணலாம்.

- மொன்னோ பாலம்: 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கற்பாலம். பாலத்தின் மீதே காவல் வாயிற்கோபுரம் நிற்கிறது. பிரித்தானியாவில் இவ்வகையில் எஞ்சியிருப்பது இது ஒன்றே.
- அஜின்கோர்ட் சதுக்கம்: 1415-இல் ஐந்தாம் ஹென்றி பிரான்சில் வென்ற போரின் பெயரால் அழைக்கப்படும் ஊர் மையம்.
- சயர் மாளிகை: 1724-இல் கட்டப்பட்ட நீதிமன்றக் கட்டிடம். தொழிலாளர்க்கு வாக்குரிமை கோரிய சார்ட்டிஸ்டு இயக்கத்தவர் 1839-இல் நியூபோர்ட் நகரில் நடத்திய எழுச்சியைத் தொடர்ந்து, ஜான் பிராஸ்டு முதலிய தலைவர்கள் இங்கு விசாரிக்கப்பட்டனர். 1840-இல் விதிக்கப்பட்ட மரண தண்டனை பின்னர் நாடு கடத்தலாகக் குறைக்கப்பட்டது.
- சார்ல்சு ரோல்சு சிலை: ரோல்சு-ராய்சு நிறுவனத்தின் நிறுவனர்களுள் ஒருவரும் 1910-இல் வானூர்தி விபத்தில் இறந்தவருமான ரோல்சின் சிலை, கையில் வானூர்தி மாதிரியுடன் சயர் மாளிகையின் முன் நிற்கிறது.
- மொன்மத் கோட்டை: ஐந்தாம் ஹென்றி பிறந்த கோட்டையின் இடிபாடுகள்.

பயன்படுத்தும் முறை

மரபு நடைவழிச் செயலியைப் பயன்படுத்துவோர் பொதுவாகக் கவனிக்க வேண்டியவை:

- நிலப்படத்தையும் ஒலிக் கோப்புகளையும் புறப்படும் முன்பே பதிவிறக்கிக்கொள்ளுதல் நலம். பழைய கற்கட்டிடங்களுக்குள் இணைய இணைப்பு கிடைக்காமல் போகலாம்.
- தொடர்ந்து இயங்கும் புவியிடங்காட்டியும் ஒளிரும் திரையும் மின்கலத்தை விரைவில் தீர்த்துவிடும். திரையை அணைத்து ஒலியை மட்டும் கேட்பது சிறந்தது.
- தூரத்தை மட்டும் வைத்து நேரத்தைக் கணிக்கக் கூடாது. 4 கி.மீ. தூரத்தை ஒரு மணி நேரத்தில் நடக்கலாம். வழியில் 16 இடங்களில் ஐந்து நிமிடம் வீதம் நின்றால் மேலும் 80 நிமிடங்கள் ஆகும்.
- திரையைப் பார்த்தவாறு சாலையைக் கடப்பது ஆபத்தானது. காதொலிப்பானை ஒரு காதில் மட்டும் அணிவதால் வாகன ஒலியைக் கேட்க முடியும்.
- செயலி காட்டும் இடம் ஒருவரின் குடியிருப்பாக இருக்கலாம். வெளியிலிருந்து பார்ப்பதற்கு அப்பால் உரிமையாளரின் இசைவு தேவை.
- வழிபாட்டிடங்களின் நேரமும் ஒளிப்பட விதிகளும் மாறக்கூடியவை. செயலியில் உள்ளதைவிட வாயிலில் எழுதப்பட்டுள்ளதே சரியானது.

விமரிசனங்கள்

விடுபட்ட இடங்கள்

செயலியை நம்பி நடப்பவர் அதில் குறிக்கப்பட்ட இடங்களில் நிற்பார்; ஏனையவற்றைக் கடந்து சென்றுவிடுவார். அரண்மனை, கோட்டை, வழிபாட்டிடம் ஆகியவை எளிதில் பட்டியலில் இடம்பெறுகின்றன. நெசவாளர் தெரு, பழைய சந்தை, குளக்கரை மண்டபம், தொழிலாளர் கூடிய திடல் போன்றவை எழுதப்பட்ட ஆவணங்கள் குறைவாக இருப்பதால் விடுபட்டுப் போகின்றன. இத்தகைய இடங்களை அறிந்த முதியோரிடம் கேட்டுப் பதிவு செய்யாவிடில், இடிக்கப்படும்போது அங்கு ஒன்று இருந்தது என்பதற்கே சான்று இல்லாமல் போகும்.

பெயரிடல்

திரையில் ஓர் இடத்துக்கு ஒரே பெயரைக் காட்டும் வழக்கம் வரலாற்று ஐயங்களை மறைத்துவிடும். மாமல்லபுரத்தில் உள்ள பெரும் பாறைப் புடைப்புச் சிற்பத்தை அருச்சுனன் தவம் எனச் சிலரும் கங்கை இறங்கிவரும் காட்சி எனச் சிலரும் விளக்குகின்றனர். நிலப்படத்தில் ஒன்றை மட்டும் எழுதினால் முடிவு செய்யப்படாத கருத்து முடிந்த முடிவாகத் தோன்றும். அங்குள்ள ஒற்றைக்கல் கோயில்கள் பஞ்ச பாண்டவ இரதங்கள் என வழங்கப்பட்டாலும் அவற்றுக்கும் பாண்டவர்களுக்கும் தொடர்பில்லை. வழங்கும் பெயரையும் அதன் பின்னணியையும் சேர்த்துத் தருவதே பொருத்தமான முறையாகும்.

இடத்தின் மாண்பு

2016 சூலையில் வெளியான 'போக்கிமான் கோ' விளையாட்டு, நினைவுச் சின்னங்கள் பலவற்றை ஆட்டத்தின் நிலையங்களாகக் காட்டியது. வாசிங்டனில் உள்ள யூத இனப்படுகொலை நினைவு அருங்காட்சியகமும் ஆர்லிங்டன் தேசியக் கல்லறையும் தம் வளாகத்தில் விளையாட வேண்டாம் எனக் கேட்டுக்கொண்டன. ஓர் இடத்துக்கு மக்களை அழைத்து வரும் மென்பொருள் அவ்விடத்தின் தன்மையை அறிந்திருப்பதில்லை என்பதை இந்நிகழ்வு காட்டியது.

வணிக நோக்கு

மொன்மத்தைப் பின்பற்றி 2012-இல் ஜிப்ரால்டரில் தொடங்கிய 'ஜிப்ரால்டர்பீடியா' திட்டம், சுற்றுலா விளம்பரத்துக்குக் கலைக்களஞ்சியம் பயன்படுத்தப்படுகிறதா என்ற விவாதத்தை எழுப்பியது. கட்டணம் பெற்று ஆலோசனை வழங்குவோர் அத்தலைப்பிலேயே பங்களிப்பது நடுநிலையைப் பாதிக்கும் என்பது எழுப்பப்பட்ட முதன்மையான குற்றச்சாட்டாகும்.

நிலைத்தல்

செயலிகள் மறைவது வழக்கமான நிகழ்வாகும். இயங்குதளம் மாறும்போது புதுப்பிக்கப்படாத செயலிகள் இயங்காமல் போகின்றன. 2017 செப்டம்பரில் வெளியான ஐஓஎஸ் 11 இயங்குதளத்தில் 32-பிட் செயலிகள் இயங்கவில்லை. ஒருமுறை நிதி பெற்று உருவாக்கப்பட்டுப் பின்னர் பராமரிக்கப்படாத செயலிகள் இத்தகைய மாற்றங்களைத் தாண்டுவதில்லை.

நிறுவனங்களின் முடிவும் மற்றொரு காரணமாகும். சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய 'டீட்டூர்' என்னும் செயலி, நடப்பவரின் இருப்பிடத்துக்கு ஏற்ப ஒலிக்கும் நடைக்கதைகளை வழங்கியது. 2018-இல் போஸ் நிறுவனம் அதன் உள்ளடக்கத்தை வாங்கியதும் செயலி மூடப்பட்டது. அவ்வுள்ளடக்கத்தைப் பயன்படுத்த எண்ணிய ஒலிவழித் திட்டத்தையும் அந்நிறுவனம் 2020-இல் கைவிட்டது. மேலே குறிப்பிட்ட 'ஃபீல்டு டிரிப்' செயலியும் நிறுத்தப்பட்டுவிட்டது.

தரவு நிறுவனத்தின் வழங்கியில் மட்டும் இருந்தால் செயலியுடன் அதுவும் மறையும். பைரன் வீட்டுப் பலகை சுவருடன் மறைந்ததற்கு இது ஒப்பாகும். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப், விக்கித்தரவு போன்ற கட்டற்ற தளங்களில் பதியப்பட்ட தரவை, ஒரு செயலி நின்றுபோனாலும் வேறொரு செயலி எடுத்துப் பயன்படுத்தலாம், யாரும் படியெடுத்துச் சேமிக்கலாம், அச்சிட்டும் வழங்கலாம்.

நடைவழி உருவாக்குதல்

நிரலெழுதத் தெரியாதவரும் தம் ஊருக்கு ஒரு நடைவழியை உருவாக்க இயலும். இதன் படிகள்:

1. நடந்து முடிக்கக்கூடிய எல்லைக்குள் எட்டு முதல் பன்னிரண்டு இடங்களைத் தேர்ந்தெடுத்தல்.
2. ஒவ்வோர் இடத்தின் ஆள்கூறையும் திறன்பேசியில் நேரில் பதிதல். திறந்த வெளியில் சிறிது நேரம் நின்று பதிந்தால் பிழை குறையும்.
3. நடந்த வழியை ஜிபிஎக்ஸ் கோப்பாகச் சேமித்தல். இது பல நிலப்படச் செயலிகள் படிக்கக்கூடிய திறந்த வடிவமாகும்.
4. விடுபட்ட இடங்களை ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் சேர்த்தல். தமிழ்ப் பெயரை அதற்குரிய புலத்தில் எழுதுதல்.
5. விக்கித்தரவில் உருப்படி உருவாக்கி ஆள்கூறு சேர்த்தல். போதிய சான்றுகள் உள்ள இடங்களுக்குக் கட்டுரை எழுதுதல்.
6. தாமே எடுத்த ஒளிப்படங்களைக் கட்டற்ற உரிமத்தில் பொதுவகத்தில் பதிவேற்றுதல்.
7. ஊரை அறியாத ஒருவரை அவ்வழியில் தனியே நடக்கச் செய்து, அவர் தடுமாறிய இடங்களைத் திருத்துதல்.

தமிழில்

கட்டற்ற நிலப்படத்தில் ஓர் இடத்தின் பெயரை உள்ளூர் மொழியிலும் பிற மொழிகளிலும் தனித்தனியே பதிய முடியும். தமிழ்ப் பெயர் பதியப்பட்டிருந்தால் தமிழைத் தெரிவு செய்த திறன்பேசியில் தமிழிலேயே தோன்றும். பதியப்படாவிடில் பெரும்பாலும் ஆங்கில எழுத்துக்கூட்டலே தோன்றும். ஆங்கில எழுத்துக்கூட்டலில் ல, ள, ழ வேறுபாடும் குறில், நெடில் வேறுபாடும் மறைவதால், ஊர்ப்பெயரின் பொருளை அறியும் வாய்ப்பும் குறைகிறது.

ஆள்கூறு இணைக்கப்பட்ட ஒவ்வொரு தமிழ்க் கட்டுரையும் அவ்விடத்தின் அருகில் நிற்கும் தமிழ் வாசகரின் திறன்பேசியில் தோன்றக்கூடியது. அவ்வகையில் ஒரு குறுங்கட்டுரையும் தெருவில் பதித்த பலகைக்கு ஒப்பான பணியைச் செய்கிறது.

இவற்றையும் பார்க்க

- ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்
- கியூஆர் குறியீடு
- புவியிடங்காட்டி
- மாமல்லபுரம்
- மொன்மத்
- விக்கித்தரவு